கண்ணாடிக் குழாயில் நின்ற தண்ணீர்

தம்பி,

இதை உன்னிடம் நேரில் சொல்லத்தான் மூன்று தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் உன் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையோ பேசி முடித்துவிட்டேன். எழுதினால் நடுவில் நிறுத்த மாட்டேன் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவளின் எழுத்துத்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படித்துவிடு. பாதியில் மடித்து வைத்துவிட்டு எனக்கு போன் போடாதே.

இரண்டு வாரத்துக்கு முன்னால் என்னை வண்டியில் உட்கார வைத்துக் குமாரலிங்கபுரத்துக்குக் கூட்டிப்போனாய் இல்லையா. ஜவுளிப் பூங்கா வேலைக்கு வரும் ஆட்களுக்கு மூன்று வேளையும் சமைத்துக் கொடுக்கப் போகிறேன் என்று எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். கொட்டகைக்குத் தகரம் போட்டு, தரைக்குச் சிமெண்டு பூசி, இட்லிப் பெட்டி, சோற்று அண்டா எல்லாம் வரிசையாக வைத்திருந்தாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்பக்கம் கூட்டிப்போய் அந்தப் பாய்லரைக் காட்டும் வரைக்கும்தான். நீலப் பெயின்ட் அடித்து ஆள் உயரத்துக்கு நின்றது. பக்கவாட்டில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். "எம்மா, அடுத்த மாசம் மொத முகூர்த்தத்துல பத்த வைக்கிறோம். நீதான் மொத விறக வைக்கணும்" என்றாய். நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்டாய். போட்டிருந்தேன். மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அங்கே உட்கார்ந்தபடிதான் இதுக்கு என்ன தண்ணி என்று கேட்டேன். போர் தண்ணி என்று குழாயைத் திறந்து காட்டினாய். கை கழுவினேன், சோப்பு நுரைக்கவில்லை. குழாயடியில் இருந்த புது வாளி வாங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும், அதன் விளிம்பில் அதற்குள் வெள்ளை படிந்திருந்தது. உப்பெடுக்கிற மிஷின் எங்கே என்றேன்.

"அது பொறவு பாத்துக்கலாம்னு பாய்லரு வித்தவுகளே சொல்லிட்டாகம்மா. தண்ணி கொதிச்சா ஆவிதான போவுது, ஆவியில என்ன உப்பு இருக்கு?"

"ஹாஸ்டல்ல நடந்தது ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"அது அந்தச் செல்லையா பண்ணுன கூத்து. வெறும் பாய்லரு காஞ்சு கெடக்கையில மோட்டாரப் போட்டுத் தண்ணிய விட்டா வெடிக்காம என்ன செய்யும்? எங்கிட்ட வேலைக்கு வாறவுக அப்பிடியெல்லாம் செய்ய மாட்டாக."

அந்தப் பேச்சு என்னிடமிருந்து உனக்கு வந்தது, தம்பி. பதினைந்து வருடமாக அந்தக் கதையை நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மோட்டாரைப் போட்டது செல்லையா அண்ணன் இல்லை. நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா தவறிய மறுவருடம் அந்தக் கல்லூரிப் பெண்கள் ஹாஸ்டலில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. நீ எட்டாம் வகுப்பு. முன்னூறு பிள்ளைகளுக்கு விறகடுப்பில் சமைத்துக்கொண்டிருந்த இடத்தில் பாய்லர் வைத்தார்கள். சீமைக்கருவேல விறகைப் போட்டு எரித்தால் ஆவி குழாய் வழியாக வந்து இட்லியும் சோறும் வெந்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் செல்லையா அண்ணன். பாளையம்பட்டிக்காரர். அதிகம் பேச மாட்டார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்லர் என் பொறுப்பு. அதற்காக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

நீ கேட்டாயே, ஆவியில் என்ன உப்பு இருக்கு என்று. அதே கேள்வியை நானும் அவரிடம் கேட்டேன். "அதுதான் தங்கச்சி வெனையே. ஆவி போயிரும், உப்பு உள்ளயே தங்கிரும். நாளுக்கு நாள் கூடிக்கிட்டே கெடக்கும்" என்றார். நம் ஊர் போர் தண்ணீரை அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் குழாய்களின் மேல் சுண்ணாம்பு பூசியது போலப் பொருக்கு ஏறிவிடும், எவ்வளவு எரித்தாலும் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே நிற்கும், இரும்பு பழுத்து இளகிவிடும் என்றார். அதனால் தண்ணீரை உப்பெடுக்கிற மிஷின் வழியாகத்தான் விட வேண்டும். மிஷின் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து மருந்து போட்டுக் காட்டுவார். நீலமாக மாறினால் நல்ல தண்ணீர். சிவந்தால் கெட்டது. சிவந்துவிட்டால் கல்லுப்பைக் கரைத்து ஊற்றி மிஷினைக் கழுவ வேண்டும், ஒரு மணி நேரம் பிடிக்கும். அதோடு தினமும் காலையில் அடியில் உள்ள வால்வைத் திறந்து சகதியை வெளியேற்ற வேண்டும். கண்ணாடிக் குழாயின் கீழ்த் திருகைத் திறந்து, தண்ணீர் இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். "இது எதையும் விட்றாதம்மா. கண்ணாடிதான் நமக்குக் கண்ணு" என்றார்.

நான் விட்டேன். சகதியைத் திறந்துவிட்டால் ஆவியும் சேர்ந்து போய்விடும், மறுபடி ஏற அரை மணி நேரமாகும், பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கும். மிஷினைக் கழுவ உட்கார்ந்தால் சாம்பாருக்கு யார் காய் நறுக்குவது? மிஷினுக்குப் பக்கத்திலேயே போர் தண்ணீரை நேராகத் திருப்பிவிடும் வால்வு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திருப்பி வைத்துவிட்டுச் சாயங்காலம் பழையபடி மாற்றிவிடுவேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. இப்போது உன்னை நினைத்து நான் பயப்படுவதற்கு இதுதான் பெரிய காரணம். நீயும் முதல் வாரம் செய்து பார்ப்பாய். ஒன்றும் ஆகாது. இரண்டாவது வாரமும் ஆகாது.

அந்த வருடக் கோடையில் அண்ணனின் மாமியார் திருச்சுழிப் பக்கம் தவறிப்போனார். காரியம் முடித்து வரப் பத்து நாள் ஆகும் என்று சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முதல் இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள் பாட்டில் சிவந்தது. மருந்தையும் பாட்டிலையும் எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு வால்வைத் திருப்பினேன். அதற்குப் பிறகு எட்டு நாளும் போர் தண்ணீர்தான். அடி வால்வை ஒருநாளும் திறக்கவில்லை. கண்ணாடியை மட்டும் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். தண்ணீர் பாதிக்கு மேல் நின்றால் மோட்டார் போட வேண்டாம், குறைந்தால் போட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

பதினோராம் நாள் காலையிலிருந்து கண்ணாடியில் தண்ணீர் முக்கால் மட்டத்தில் நின்றது. குறையவே இல்லை. நானும் மோட்டாரைப் போடவே இல்லை. இட்லி நல்லபடியாக வெந்தது. மதியச் சோற்றுக்கு அரிசி போட்ட பிறகு ஆவி வலுவில்லாமல் வந்தது. விறகு ஈரம் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் நாலு கட்டையைத் திணித்தேன். தம்பி, உள்ளே தண்ணீர் இல்லை. கண்ணாடிக்குப் போகும் கீழ்வழி உப்பும் சகதியுமாக அடைத்துக்கொண்டு, என்றைக்கோ ஏறிய தண்ணீர் அந்தக் குழாய்க்குள் மட்டும் அப்படியே நின்றிருக்கிறது. நான் அதைப் பார்த்துப் பார்த்து விறகை வைத்திருக்கிறேன்.

அண்ணன் திருச்சுழி பஸ்ஸைவிட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பையோடு நேராக வந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருப்பார். கொட்டகைக்குள் கால் வைத்ததுமே மூக்கைச் சுளித்தார். பெயின்ட் கருகும் வாசம். எனக்கு அது விறகுப் புகையோடு சேர்ந்து தெரியவில்லை. கண்ணாடியின் கீழ்த் திருகைத் திறந்தார், குழாயில் நின்ற தண்ணீர் வடிந்தது; மூடினார், மறுபடி ஒரு சொட்டு ஏறவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு அடுப்புக் கதவைத் திறந்து, கம்பியால் எரிகிற கட்டைகளை வெளியே இழுக்க ஆரம்பித்தார். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். மோட்டார் சுவிட்ச் என் கைக்கெட்டும் சுவரில் இருந்தது.

என்னைப் பார்த்துக் கத்தினார். "தண்ணி விட்றாத!"

அடுப்பு இரைச்சலில், பிள்ளைகள் தட்டுச் சத்தத்தில், எனக்குத் தண்ணி என்றதும் விடு என்பது போலவும்தான் கேட்டது. முடிவில் இருந்த 'றாத' கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன செய்திருப்பேனோ தெரியாது. பாய்லரில் தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடத்தானே வேண்டும் என்றுதான் என் புத்தி சொன்னது. பழுத்துக் கிடக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகிச் சீறும் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஓடியது. அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

சத்தம் பெரிதாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சத்தம் ஞாபகமே இல்லை. அடுப்புக் கதவு வழியாக வெள்ளையாக ஒன்று வெளியே வந்ததும், தகரம் மடங்கியதும்தான் ஞாபகம். உள்குழாய் ஒன்று கிழிந்து, ஆவியும் நெருப்பும் சேர்ந்து அவர் மேல் அடித்திருந்தது. வலது பக்கம் கழுத்திலிருந்து விரல்நுனி வரை. அடுப்புக் கதவுக்கு நேராக அவர் மட்டும்தான் இருந்தார்; நடுவில் சமையல்கட்டுச் சுவர் இருந்ததால் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றும் இல்லை. அவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். போன பிறகு நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? சுவிட்சை அணைத்தேன். பிறகு போர் தண்ணீர் வால்வைப் பழையபடி திருப்பி வைத்தேன்.

மறுநாள் அதிகாரிகள் வந்து பிரித்துப் பார்த்தார்கள். கண்ணாடியின் கீழ்வழியைக் கழற்றி வெள்ளைத்துணியில் வைத்துக் காட்டினார்கள். சாக்பீஸ் வைத்து அடைத்தது போல இருந்தது, ஊசி நுழையவில்லை. மோட்டாரைப் போட்டது யார் என்று வார்டன் முன்னால் என்னிடம் கேட்டார்கள். "எனக்குத் தெரியல சார். அண்ணந்தான் உள்ள இருந்தாக" என்றேன். எழுதிக்கொண்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். பாய்லரைப் பராமரிக்காமல் விட்டதும், காய்ந்த பாய்லரில் தண்ணீர் விட்டதும் அவர் குற்றம் என்று முடிந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே அவருக்கு வேலை போய்விட்டது. ஊரும் அதையே பேசியது. நானும் பேசினேன்.

உன் படிப்புக்காகத்தான் மறைத்தேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ பிறக்காமல் இருந்திருந்தாலும் மறைத்திருப்பேன். பயம், தம்பி. போலீஸ் பயம், வேலை பயம், அவர் மனைவி என் முகத்தைப் பார்த்து என்ன கேட்பாரோ என்ற பயம். நம் வீட்டில் ஏன் குக்கர் இல்லை என்று நீ எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய். பக்கத்து வீட்டில் விசில் அடித்தாலே நான் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். அதை உன்னிடம் வடித்த சோறுதான் ருசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

குமாரலிங்கபுரத்திலிருந்து வந்த பிறகு நாலு நாள் எங்கும் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். உன்னிடம் வேலைக்கு வரப்போகும் பாலவனத்தம் பெண்கள் மூன்று பேரும் அன்றைக்கு என் கையைப் பிடித்துப் பேசினார்களே. அவர்கள்தான் அந்தக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து விறகு வைக்கப் போகிறவர்கள். ஐந்தாம் நாள் டவுன் பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்குப் போனேன். அண்ணன் வீட்டு முன்னாலேயே சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வலது கை மடங்கினபடிதான் இருக்கிறது. இடது கையால் ஒருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு மோட்டாரப் போட்டது நாந்தாண்ணே."

"தெரியும்."

அவரே சொன்னார். "நான் அடுப்பு முன்னால குத்தவச்சுக் கெடந்தேன். மோட்டாரு சத்தம் கேட்டுச்சு. நானா எந்திரிச்சு வந்து போட்டேன்? சொன்னேன் நானும். வலியில பொலம்புறான்னுட்டாக. நீ வந்து சொல்லுவன்னு ஆசுபத்திரியில ஒரு மாசம் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். பொறவு பாக்கல."

தராசுத் தட்டைத் துடைத்து வைத்தார். "இப்ப எதுக்கு வந்த?"

"எம்மவன் சமையலுக்குப் பாய்லரு வைக்கிறான். போர் தண்ணிதான். எனக்குப் பயமா இருக்கு."

"ஆமா. ஒனக்குப் பயம் வந்தாத்தான வருவ" என்றார். ஒருதரம்கூட அவர் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

உள்ளேயிருந்து அவர் மகள் வந்தாள். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தவள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "எங்கம்மா வேலைக்குப் போயிட்டாக, எங்கப்பாவுக்குப் புண்ணு கழுவ ஆளில்லன்னு என்னயப் பள்ளிக்கொடத்த விட்டு நிப்பாட்டுனாக. கவனமில்லாத ஆளு பொண்ணுன்னு பேரு வேற. நீங்க இங்க சொல்லி என்னத்துக்கு? எங்க பொய் சொன்னீகளோ அங்க போயிச் சொல்லுங்க" என்றாள். நான் வந்துவிட்டேன்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததை இரண்டு பக்கத்துக்கு எழுதி, என் பெயர் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு பாய்லர் இருந்ததே தெரியவில்லை. இவ்வளவு வருடம் கழித்து இது எதற்கு என்று உள்ளே போய்க் கேட்டு வந்தாள். கடைசியில் வாங்கிக்கொண்டு, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தாள். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். என் மேல் நடவடிக்கை வருமா என்றும் தெரியாது. வந்தால் வரட்டும். அந்த நகலைக் கொண்டுபோய் அவர் மகள் கையில் கொடுத்தேன். வாசலிலேயே நின்று இரண்டு பக்கத்தையும் படித்தாள். மடித்தாள். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணன்தான் பேசினார். "ஒம்மவன வரச்சொல்லு. மூணு பொம்பளையாளுக வேலைக்கு வாறாகன்னியே, அவுகளையும் கூட்டிட்டு வரச்சொல்லு. பாய்லரு கிழிஞ்சா மொதல்ல சாவுறது அவுகதான். நான் அங்க வர மாட்டேன். பாய்லரு பக்கத்துல என்னால நிக்க முடியாது, ஒடம்பெல்லாம் ஆடும். இங்க உக்காந்து சொல்லித்தாரேன். ஆனா ஒண்ணு. அவன் எல்லாம் தெரிஞ்சு வரணும். தெரியாம வந்து என் கடையில நிக்கக் கூடாது."

அதற்காகத்தான் இந்தக் கடிதம். உனக்கு என் மேல் கோபம் வரும். பதினைந்து வருடம் ஒரு மனிதரைப் பழித்துப் பேசக் கற்றுக்கொடுத்தேனே என்று அருவருப்பும் வரும். அதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். அந்தக் கொட்டகையிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தால் அதைத் தாங்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் கிடப்பது நீயாக இருந்தாலும், அந்த மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். உப்பெடுக்கிற மிஷின் வரும்வரை அந்தப் பாய்லரைப் பற்ற வைக்காதே. முகூர்த்தம் தள்ளிப்போனால் போகட்டும். யாராவது கேட்டால் அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்லாதே, தண்ணீர் சரியில்லை என்று சொல்.

இதை நீ மட்டும் படித்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த மூன்று பேரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டு. என் பெயரைச் சொல்லியே வாசி. வேறு எங்காவது ஹாஸ்டலிலோ மண்டபத்திலோ போர் தண்ணீரில் பாய்லர் ஓட்டுகிறவர்கள் கேட்டாலும் கொடு. கேட்டபிறகு அந்தப் பெண்களில் யாருக்காவது வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதே. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு, போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையம்பட்டிக்குப் போ. நான் வர மாட்டேன். அந்த வீட்டில் எனக்கு இன்னும் இடமில்லை, கேட்கவும் மாட்டேன். அவர் மகள்தான் கதவைத் திறப்பாள். நீ யார் மகன் என்பதை முதலில் சொல்லிவிடு. உள்ளே வரச்சொன்னால் போய் உட்கார். சொல்லாவிட்டால் வாசலில் நின்றபடியே, அவர் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டு வா.

உன் அம்மா